நாளொன்றுக்கு இவ்வளவு

2023 ஜனவரி முதல் கிழமை தங்கச்சி ஒரு படம் அனுப்பியிருந்தாள். மகனின் டே கெயார் பில்லைக் குசினி மேசையில் விரித்து வைத்து எடுத்த படம். பின்னாலேயே ஒரு குரல் பதிவு: "அக்கா, பிழையா அடிச்சுப்போட்டினம் போல. போய்க் கேக்கட்டோ, பேசாம இருக்கட்டோ?"

பில்லில் பிழை ஒன்றும் இல்லை. முந்தின வருடம் மார்ச்சில் அதே இடத்தில் நாளுக்கு 62 டொலர் என்று இருந்தது. பிறகு 46 டொலர் 50 சதம். அந்த ஜனவரியில் 29 டொலர் 30 சதம். மகன் இருந்தது அதே அறை. பார்த்துக்கொண்டதும் அதே ஆசிரியை. பின்னேரம் அவன் சப்பாத்துக்குள் மணலோடு வீட்டுக்கு வருவதும் மாறவில்லை. குறைந்துபோன 32 டொலர் 70 சதத்தை வேறு யாரோ கட்டுகிறார்கள் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. நாங்கள் ஸ்காபரோவில் பிள்ளை வளர்த்த காலத்தில் யாரும் எங்களுக்காக எதையும் கட்டியதில்லை. அவளுடைய பயம் எனக்கு விளங்கியது.

அந்தப் பணம் நேற்றுப் புறப்பட்டு வந்ததல்ல. எண்பது வருடமாக வந்துகொண்டிருந்தது.

கனடாவில் அது முதலில் கண்ணில் பட்டது 1942இல், உலகப் போரின் நடுவே. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். குண்டும் விமானமும் செய்யும் தொழிற்சாலைகளுக்குப் பெண்களின் கை தேவைப்பட்டது. கலியாணமாகாத பெண்களைக் கூப்பிட்டுப் போதாமல் போகவே, பிள்ளை உள்ள தாய்மாரையும் கூப்பிட்டார்கள். தாய் வேலைக்குப் போனால் பிள்ளை எங்கே? அந்த ஜூலையில் ஒட்டாவா ஓர் ஒப்பந்தம் வைத்தது. பகல்நேர நேர்சரிகளின் செலவில் பாதியை மத்திய அரசும் பாதியை மாகாணமும் ஏற்கும். உண்மையில் நடத்திக் காட்டியவை ஒன்ராறியோவும் கியூபெக்கும்தான். இடங்களில் முக்கால்வாசி போர்த் தொழிற்சாலைத் தாய்மாருக்கு என்று ஒதுக்கப்பட்டது. சாதாரணக் கடையில் நின்று வேலை செய்த தாய் மிச்சத்துக்குள் போட்டியிட வேண்டும். பிள்ளை வளர்ப்புக்கென்று இந்த நாட்டின் மத்திய அரசு எடுத்த முதல் பணம் ஆயுத உற்பத்திக் கணக்கில் எழுதப்பட்ட ஒரு செலவு. அதனாலேயே போர் முடிந்ததும் அது நின்றது. கியூபெக் 1945 ஒக்ரோபரில் தன் நேர்சரிகளை மூடியது. அடுத்த வருடம் ஒட்டாவாவும் பாதிப் பங்கை நிறுத்திக்கொண்டது.

ரொறன்ரோத் தாய்மார் விடவில்லை. பெற்றோர் சங்கம் அமைத்தார்கள், மனுக் கொடுத்தார்கள், நகரசபைக்குப் போய் வாதாடினார்கள். அதன் பலனாக 1946இல் ஒன்ராறியோவில் பகல்நேர நேர்சரிச் சட்டம் வந்தது. கனடாவில் அப்படியொரு சட்டம் அதுதான் முதலாவது. நேர்சரிகள் பல மூடப்பட்டாலும் எல்லாம் மூடப்படவில்லை. அந்தப் பெண்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளை வளர்ந்த பிறகும் அந்தச் சண்டையில் நின்றிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. பிள்ளைக்கு ஐந்து வயது ஆனதும் தாய்க்கு அந்தப் பிரச்சினை முடிந்துவிடும். அடுத்தவள் திரும்பவும் முதலில் இருந்து தொடங்குவாள். இந்தப் பணம் இவ்வளவு மெதுவாக நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து அது ஏழைகளுக்கான உதவியாக வந்தது. 1966இல் கனடா உதவித் திட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வறுமையில் உள்ளவர்களுக்கும் வறுமையில் விழக்கூடியவர்களுக்கும் மாகாணங்கள் செய்யும் செலவில் பாதியை ஒட்டாவா கொடுக்கும். டே கெயாரும் அதற்குள் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அன்றிலிருந்து சப்சிடி என்ற சொல்லோடு 'இல்லாதவர்' என்ற முத்திரையும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் எங்கள் ஆட்களில் சிலர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள்.

1967இல் பத்திரிகையாளர் புளோரன்ஸ் பேர்ட் தலைமையில் பெண்களின் நிலை பற்றி ஆராய ஓர் அரச ஆணைக்குழு அமைத்தார்கள். 1970 டிசம்பரில் வந்த அதன் அறிக்கையில் 167 பரிந்துரைகள். நாடு முழுவதற்கும் ஒரு டே கெயார்ச் சட்டம் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதே 1970இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துத் தாய்மார் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு சிம்கோ ஹோல் என்ற நிர்வாகக் கட்டடத்துக்குள் போய்க் குந்திவிட்டார்கள், தங்கள் டே கெயாருக்காக. கேட்ட சட்டத்தை அரசாங்கம் தரவில்லை. 1972இல் வரிக் கழிவு ஒன்றைத் தந்தது.

அந்தக் கழிவு இப்போதும் உண்டு. ரி-778 என்ற படிவம். மார்ச், ஏப்ரலில் வரி செய்யப் போகும் பிள்ளைக்காரர் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வருடத்தில் 8,000 டொலர் வரை கழிக்கலாம். உழைத்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக்கூடாது. பெரும்பாலும் கணவன், மனைவி இருவரில் குறைவாக உழைப்பவர்தான் கழிக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை வாசித்தபோது எனக்கு ஒன்று தைத்தது. எங்கள் வீடுகளில் கணக்குப் பார்க்கும்போது, 'உன்ர சம்பளம் முழுக்க டே கெயாருக்கே போகுது, பேசாம வீட்டில நில்' என்று சொல்வது வழக்கம். டே கெயார்ச் செலவைத் தகப்பனின் சம்பளத்தில் கழித்துப் பார்ப்பதை நான் எங்கும் கண்டதில்லை. வரிப் படிவமும் எங்கள் குசினி மேசைக் கணக்கையே போட்டு வைத்திருக்கிறது.

பிள்ளை பார்க்கும் செலவு பற்றிய கேள்வியை எலிசபெத் சைம்ஸ் என்ற சட்டத்தரணி உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வைத்துச் சம்பளம் கொடுத்தார். அந்தப் பெண் இல்லாவிட்டால் தன்னால் வழக்காட முடியாது, ஆகவே அது தொழிற் செலவு என்று கணக்குக் காட்டினார். வாடிக்கையாளரைச் சாப்பிடக் கூட்டிப்போனால் அந்தச் செலவில் ஒரு பங்கைத் தொழிற் செலவு என்று ஏற்கிறார்களே. 1993இல் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் முடியாது என்றார்கள். முடியும் என்ற இருவர் அந்த இருக்கைகளில் இருந்த இரண்டே பெண்கள்: கிளேர் லூரூ-டூபே, பெவர்லி மக்லாக்லின்.

1997க்கு வருவோம். கதை உண்மையில் திரும்பிய இடம் அது, அதுவும் 1945இல் நேர்சரிகளை மூடிய அதே கியூபெக்கில். லூசியன் பூஷார் முதலமைச்சர், பொறுப்பான அமைச்சர் போலின் மாறுவா. செப்ரெம்பரில் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஐந்து டொலர் என்று தொடங்கினார்கள். அடுத்த வருடம் மூன்று வயதுக்கு, அதற்கடுத்த வருடம் இரண்டு வயதுக்கு. 2000ஆம் ஆண்டில் கைக்குழந்தைக்கும் அதே ஐந்து டொலர். இதில் புதுமை விலை மட்டுமென்று நினைக்கக்கூடாது. யாருடைய பிள்ளை என்று கேட்கவில்லை. வைத்தியரின் பிள்ளைக்கும் ஐந்து, ஹொட்டேல் அறை துடைப்பவரின் பிள்ளைக்கும் ஐந்து. பள்ளிக்கூடத்து வாசலில் வருமானம் கேட்பதில்லை, நூலகத்தில் கேட்பதில்லை. அந்த வரிசையில் டே கெயாரையும் கொண்டுபோய் வைத்தார்கள்.

பெரியம்மாவின் மகள் மொன்றியலில் கோட்-டே-நேஜ் பக்கம் இருந்தாள். ஒரு துணித் தொழிற்சாலையில் வேலை. அவளுடைய இரண்டாவது பிள்ளை எட்டு மாதத்தில் ஐந்து டொலருக்குப் போகத் தொடங்கினான். "வெள்ளிக்கிழமையில சம்பளக் கவரை உடைக்காமலே வீட்டை கொண்டு வந்தன்" என்று இப்போதும் சொல்வாள். அதற்கு முன் பிள்ளை பார்த்த வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவாள்.

ஐந்து ஏழானது, பிறகு வருமானத்துக்கு ஏற்றபடி கட்டச் சொன்னார்கள், பிறகு திரும்பவும் எல்லோருக்கும் ஒரே விலை ஆக்கினார்கள். 2025இல் அது 9 டொலர் 35 சதம். குறைகளும் இருந்தன. இடத்துக்கு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். தரமான நிலையங்களில் வசதியானவர்களின் பிள்ளைகள்தான் கூடுதலாக இடம் பிடித்தார்கள். அவசரமாகப் பெருக்கியதில் தரம் குறைந்து சில பிள்ளைகளின் நடத்தை மோசமானது என்று காட்டிய ஆய்வும் வந்தது. ஆனால் தாய்மார் வேலைக்குப் போனார்கள். 2008இல் மட்டும் ஏறக்குறைய 70,000 தாய்மார் கூடுதலாக வேலையில் இருந்தது இந்தத் திட்டத்தால்தான் என்று பியேர் ஃபோர்ட்டான் என்ற பொருளியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் கணக்கிட்டார்கள். அவர்கள் கட்டிய வரியும் அரசு மிச்சம்பிடித்த உதவிப் பணமும் சேர்ந்து திட்டத்தின் செலவையே மீட்டுக் கொடுத்தன என்றும் எழுதினார்கள். பணம் கொடுத்தால் கரைந்துபோகும் என்ற பேச்சுக்கு ஒரு மாகாணமே மறுமொழியாக நின்றது.

நாடு முழுவதும் அது வந்திருக்கும். 2005இல் கை எட்டும் தூரத்தில் இருந்தது. கென் ட்ரைடன் என்பவர் அமைச்சர். மொன்றியல் கனேடியன்ஸ் ஹொக்கி அணியின் கோல் காப்பாளராக இருந்து ஆறு தடவை ஸ்ரான்லி கிண்ணம் வென்றவர். மாகாணம் மாகாணமாகப் போய்ப் பேசி, பத்து மாகாணங்களையும் உடன்பட வைத்தார். ஐந்து வருடத்துக்கு ஐந்து பில்லியன் டொலர். 2006 ஜனவரியில் தேர்தல். ஆட்சி மாறியது. புதிய அரசு ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டு, ஆறு வயதுக்குக் குறைந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 100 டொலர் நேரே பெற்றோருக்கு அனுப்பியது. அதற்கும் வரி உண்டு.

அந்த நூறு டொலர்க் காலத்தில்தான் நான் தாயானேன். 2009இல் மூத்தவளுக்கு ஒரு வயது. எங்கள் டே கெயாருக்கு நாளுக்கு 48 டொலர். மாதம் வந்த நூறு டொலர் இரண்டு நாளுக்குக் காணும். மற்ற இருபது நாளை நாங்கள்தான் சமாளிக்க வேண்டும். ஐந்தரை மணி நேரம் காரோடினால் வரும் மொன்றியலில் தாய்மார் ஏழு டொலர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சப்சிடிக்கு விண்ணப்பித்தேன். 2007இலிருந்து ஒன்ராறியோவில் சொத்து, சேமிப்பு எல்லாம் துருவிப் பார்ப்பதை விட்டு, வருமானத்தை மட்டும் பார்த்தார்கள். வரி மதிப்பீட்டுக் கடிதத்தில் 236 என்று இலக்கமிட்ட கட்டத்தில் உள்ள தொகை. இப்போது அந்தக் கட்டத்தின் இலக்கம் 23600. அப்போதைய கணக்கு இது: குடும்பத்துக்கு 20,000 டொலர் வரை என்றால் ஒன்றும் கட்டத் தேவையில்லை. அதற்கு மேல் 40,000 வரை உள்ளதில் நூற்றுக்குப் பத்து. 40,000க்கு மேல் உள்ளதில் நூற்றுக்கு முப்பது. அதாவது 50,000 வருமானம் உள்ள குடும்பம் முதலாவது படியில் 2,000, அடுத்ததில் 3,000, ஆக வருடம் 5,000 டொலர் தன் பங்காகக் கட்டும். மிச்சத்தை நகரம் கட்டும். படிக்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் வருமானம் 60,000 ஆனால் கட்ட வேண்டியது 8,000. வருமான வரி ஒருபக்கம் இருக்க, கூட உழைத்த பத்தாயிரத்தில் மூவாயிரம் இங்கே போய்விடும். என்னோடு மாலை ஷிப்டில் நின்ற ஒரு தாய் ஓவர்டைம் கேட்டால் தலையாட்டி மறுப்பாள். சோம்பல் என்று மேற்பார்வையாளர் நினைத்திருப்பார். அவள் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மறுத்தாள்.

எங்களுக்குத் தகுதி இருந்தது. பணம் இருக்கவில்லை. காத்திருப்புப் பட்டியலில் போட்டார்கள். நகரத்துக்கு ஒதுக்கிய சப்சிடி இடங்கள் ஓர் எண்ணிக்கைதான். ஒருவர் வெளியே போனால் ஒருவர் உள்ளே. கடிதம் வந்தபோது மகள் பாலர் வகுப்புக்குப் போய்விட்டாள். இடையில் இருந்த காலத்தை ஒரு பேஸ்மென்றில் பிள்ளை பார்த்த அன்ரிதான் கொண்டு நடத்தினா. நல்ல மனுசி. என் பிள்ளைக்கு இடியப்பம் தீத்தினது அவதான். றிசீற் மட்டும் தரமாட்டா. றிசீற் இல்லையென்றால் ரி-778 இல்லை. அவவின் வருமானமும் எங்கள் செலவும் எந்தத் தாளிலும் பதியாமல் போயின.

இரண்டாவது பிள்ளைக்கு அம்மா வந்தா. 2011 டிசம்பரில் சுப்பர் விசா என்று ஒன்று தொடங்கினார்கள். பேரப்பிள்ளை பார்க்க வரும் பெற்றோர் ஒரே தடவையில் இரண்டு வருடம் தங்கலாம், இப்போது ஐந்து. ஒரு வருடத்துக்குக் குறைந்தது 100,000 டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்துக் காட்ட வேண்டும். அந்தக் காப்புறுதிக் காசைத்தான் நாங்கள் டே கெயார்க் காசாக மாதாமாதம் ஒதுக்கி வைத்தோம். அதைப் பிள்ளைப் பராமரிப்புச் செலவு என்று போட எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. அம்மாவுக்குச் சம்பளம் கொடுத்துக் கணக்குக் காட்டலாம் என்றால் அவவுக்கு வேலை செய்ய அனுமதியும் இல்லை, சின் நம்பர் என்ற சமூகக் காப்புறுதி இலக்கமும் இல்லை. ஊரில், சுண்ணாகத்தில், தன் வீட்டுக் கதவைப் பூட்டித் திறப்பை அயலில் கொடுத்துவிட்டு வந்து, பதினேழாவது மாடியில் இரண்டு குளிர்காலம் என் மகனை மடியில் வைத்திருந்தா. இந்த நாட்டில் எங்கள் ஆட்களின் பிள்ளை வளர்ப்புக்குக் கிடைத்த மிகப் பெரிய மானியம் அம்மம்மாமாரிடம் இருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு 2020. கொரோனா வந்து டே கெயார்கள் மூடப்பட்டன. வேலையை விட்டு வீட்டுக்குப் போனவர்களில் தாய்மார் கூடுதல். 1942இல் விளங்கியது ஒட்டாவாவுக்குத் திரும்பவும் விளங்கியது. 2021 ஏப்ரல் 19 அன்று நிதியமைச்சர் கிறிஸ்டியா ஃபிரீலண்ட் வரவு செலவுத் திட்டத்தில் ஐந்து வருடத்துக்கு 30 பில்லியன் டொலர் ஒதுக்கினார். 2026 மார்ச்சுக்குள் நாடு முழுவதும் சராசரி நாளுக்குப் பத்து டொலர் என்று நாளும் குறித்தார். பிரிட்டிஷ் கொலம்பியா ஜூலையிலேயே ஒட்டாவாவோடு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது. கடைசியாக வந்த மாகாணம் எங்கள் ஒன்ராறியோ: 2022 மார்ச் 28. முந்தின நாள் இருந்த கட்டணத்தை அப்படியே உறைய வைத்தார்கள். அதில் கால்வாசியை ஏப்ரலிலிருந்து கணக்கிட்டுக் குறைத்தார்கள். டிசம்பர் முடிவில் மொத்தக் குறைப்பு நூற்றுக்கு 52.75. தங்கச்சி பிழையென்று நினைத்த பில் அதுதான். 2025 ஜனவரியில் நாளுக்கு 22 டொலருக்கு மேல் வாங்கக்கூடாது என்றார்கள். நூனவுட், மனிற்றோபா, சஸ்கற்சுவான் எல்லாம் அதற்கு முன்னரே பத்துக்கு வந்துவிட்டன.

இந்தத் தடவை பணம் தாயின் கைக்கு வரவில்லை. நேரே டே கெயாருக்குப் போகிறது. திட்டத்தில் சேர்ந்துகொண்ட நிலையத்தில் ஆறு வயதுக்குக் குறைந்த எல்லாப் பிள்ளைக்கும் பில்லிலேயே குறைத்துப் போடுவார்கள். வருமானம் கேட்பதில்லை. கியூபெக்கில் ஐந்து டொலராகத் தொடங்கியது ஒன்ராறியோவுக்கு வந்து சேர 25 வருடம் எடுத்திருக்கிறது.

ஏன் இவ்வளவு பணம் தேவை என்பதை ஒரு கைக்குழந்தை அறைக்குள் நின்று பார்த்தால் விளங்கும். ஒன்ராறியோ விதிப்படி பதினெட்டு மாதத்துக்குக் குறைந்த பத்துப் பிள்ளைக்கு மூன்று பேர் இருக்க வேண்டும். தங்கச்சியோடு ஒருநாள் போய் நின்றேன். பத்துக் கட்டில், பத்துப் போத்தல், ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருந்தது. ஓர் ஆசிரியை ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மற்றதன் வாயைத் துடைத்தாள். மற்றவள் நிலத்தில் இருந்து டயப்பர் மாற்றிய நேரத்தைத் தாளில் எழுதினாள். பத்துப் பிள்ளைக்கும் 22 டொலர் வீதம் நாளுக்கு 220 டொலர் சேரும். 2024 ஒக்ரோபரில் மாகாணத்தின் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 17 டொலர் 20 சதம் ஆனது. அந்த வீதத்தில் மூன்று பேருக்கு எட்டு மணித்தியாலம் என்றாலே 412 டொலரைத் தாண்டிவிடும். படித்துப் பதிவுபெற்ற ஆசிரியை அடிப்படைச் சம்பளத்துக்கு நிற்கப் போவதில்லை, நிற்கவும் கூடாது. வாடகை, சாப்பாடு, காப்புறுதி இன்னும் சேர்க்கவில்லை. அந்த இடைவெளியை அரசு நிரப்பாவிட்டால் ஒன்றில் தாய் நிரப்ப வேண்டும், இல்லையேல் அந்தப் பெண்கள் தங்கள் சம்பளத்தில் இருந்து நிரப்ப வேண்டும். நீண்ட காலம் நிரப்பியது அவர்கள்தான். அதனால்தான் இப்போது ஆசிரியைகள் காணாது. ஆசிரியை இல்லாமல் அறை திறக்க முடியாது. பணம் வந்துவிட்டது, கட்டில் வரவில்லை.

தங்கச்சிக்கு இப்போது இரண்டாவது பிள்ளை. வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போதே ஆறு இடத்தில் பெயர் கொடுத்தாள். பிள்ளைக்குப் பதினொரு மாதமாகிவிட்டது. லீவு அடுத்த மாதத்தோடு முடிகிறது. மகன் போன இடத்தில் அவளுடைய பெயர் பதினான்காவது. ஒவ்வொரு திங்களும் காலையில் போன் எடுத்துக் கேட்கிறாள். அந்த நிர்வாகிப் பெண்ணும் பொறுமையாக ஒவ்வொரு திங்களும் பார்த்துச் சொல்கிறாள்.

போன ஞாயிறு வட்ஸ்அப்பில் அம்மா கதைத்தா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பின்னால் சேவல் கூவியது.

"அப்ப நான் வரட்டோ பிள்ளை?"

அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் இரண்டும் வருத்தம். இரவு தங்கச்சி லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காப்புறுதி விலை பார்த்தாள். 60 வயதில் நாங்கள் கட்டியதைவிட எவ்வளவோ கூட. வருத்தங்களை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி ஒரு பட்டியல் வந்தது. முழங்காலைப் போட்டாள். பிரஷரைப் போட்டாள். சீனியைப் போடுவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.